நாலாம் அதிகாரத்தோடு நிறுத்தியவர்கள்

கொத்தனாருக்கு வேதாகமத்தில் நம்பிக்கை இல்லை. வாசிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. மனைவிக்குப் பார்வை மங்கியதிலிருந்து, வேலை முடிந்து கைகால் கழுவியதும் அவளுக்காக ஒரு அதிகாரம் வாசிப்பார். அப்படியே புத்தகத்தை இரண்டு முறை முடித்துவிட்டார். சபை மேடையில் முழங்குகிறவர்களில் பாதிப் பேர் ஒருமுறைகூட முடித்ததில்லை என்பது அவர்கள் முழக்கத்திலேயே தெரிந்தது.

அந்தச் சபை, வேதத்துத் தலைவர்களிடம் இன்றைய சபைத் தலைமை என்ன கற்கலாம் என்று மூன்று நாள் பயிற்சி வைத்தது. ஏசி மண்டபம், டை கட்டிய பேச்சாளர், கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவர் மார்பிலும் அட்டை. காலி நாற்காலி கண்ணில் படக்கூடாதென்று கொத்தனாரையும் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள்.

மோசேயிடம் கற்றது: வேலையைப் பகிர்ந்து கொடு. போதகர் அன்றே வேலையெல்லாம் பகிர்ந்து கொடுத்தார்; அதிகாரத்தை மட்டும் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். தாவீதிடம் கற்றது: துணிந்து முடிவெடு. அடுத்தவன் மனைவியை அபகரித்த தாவீதை நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே கேட்கும் இடம் வந்ததும் தேநீர் இடைவேளை விட்டார்கள். மூன்றாம் நாள், எருசலேமின் இடிந்த மதிலை ஐம்பத்திரண்டு நாளில் கட்டிய நெகேமியா. அவர் கதை நாலாம் அதிகாரத்தோடு நின்றுபோனது. சாப்பாடு ஆறிவிடுமாம்.

"நமக்கும் ஒரு மதில் வேணும்! ஐம்பத்திரண்டே நாள்ல!" என்று போதகர் எழுந்து அறிவித்தார். மண்டபம் கைதட்டியது.

சபை மனையின் பின்பக்கம் திறந்தவெளி. எல்லைக்கு மூன்றடி உள்ளே ஒரு குழாய். பின்சந்தின் நாற்பது வீட்டுக்கும் அதுதான் தண்ணீர்.

கொத்தனார் எழுந்தார். "ஐயா, எல்லையில சுவர் வந்தா குழாய் உள்ள மாட்டிக்குமே. அந்த ஜனங்க தண்ணிக்கு எங்க போவாங்க?"

சபைச் செயலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதை நிர்வாகம் பாத்துக்கும். நீங்க செங்கல்லைப் பாருங்க மேஸ்திரி. முடியலைன்னா சொல்லுங்க, ஊர்ல கொத்தனாருக்கா பஞ்சம்?"

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "மாட்டேன்னுட்டு வர வேண்டியதுதானே?"

"நான் மாட்டேன்னா இன்னொருத்தன் நேரா நூல் பிடிச்சுக் கட்டிட்டுப் போயிடுவான். பின்சந்துல இருக்கிற உன் கூட்டாளிங்கதான் குடத்தோட தெருத்தெருவா அலையணும்."

"அப்போ கட்டப்போறீங்களா?"

"கட்டுறேன். நீ முதல்ல அஞ்சாம் அதிகாரத்தைக் கேளு."

வாசித்தார். நிலத்தையும் பிள்ளைகளையும் அடகு வைத்துச் சாப்பிட்ட ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா கொதித்துப்போய்ப் பெரிய மனிதர்களைச் சபையில் நிறுத்தி, பிடுங்கியதைத் திருப்பிக் கொடு என்கிறார். பன்னிரண்டு வருடம் தலைவராயிருந்தும் தலைவருக்குரிய படியைத் தொடவில்லை.

"இவ்வளவு இருக்கே, இதை ஏன் பயிற்சியில சொல்லலை?"

"சாப்பாடு ஆறிடும்ல."

முதல் நாள் கமிட்டியார் கையுறை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு செங்கல் வைத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். நெகேமியா காலத்து மதிலைக் குடும்பத்துக்கு ஒரு பங்காகக் கட்டினார்களாம். இவர்களும் பங்கு பிரித்தார்கள். பங்குக்கு ஒரு பெயர்க்கல். உழைப்பு முழுக்கக் கொத்தனார் பங்கு. அவருக்குக் கல் இல்லை.

"என் கல்லு நட்ட நடுவுல, சந்துப் பக்கம் பாத்து இருக்கட்டும். வெளியில உள்ளவங்களுக்கும் தெரியணும்," என்றார் போதகர்.

நட்ட நடுவில்தான் குழாய் இருந்தது. "அப்படியே ஆகட்டும் ஐயா," என்றார் கொத்தனார்.

சந்து நாறும் என்று அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரதிஷ்டை நாளன்று பாட்டோடு மதிலைச் சுற்றி வந்தவர்கள் சந்துக்குள் நுழைந்ததும் பாட்டு அறுந்தது. நேராக வந்த மதில் நடுவில் மூன்றடி உள்ளே வளைந்து, குழாயை வெளியே விட்டுவிட்டு, மறுபடி நேராகப் போயிருந்தது. வளைவில், குழாய்க்கு மேலே, தங்க எழுத்தில் போதகர் பெயர். கீழே பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா கூத்து இது? இப்பவே இடி!" என்று செயலாளர் கத்தினார்.

"இடிச்சிடலாம் சார். நெகேமியாவோட மதிலைத் தடுக்க வந்தவங்க சன்பல்லாத்து, தொபியான்னு பயிற்சியில சொன்னாங்களே, இப்ப அந்தப் பேர் போட்ட அட்டையை யாரு மாட்டிக்கப்போறீங்க?" என்றார் கொத்தனார்.

குடத்தோடு நின்றவள் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

கொத்தனார் சுத்தியலை நீட்டினார். "ஐயா கையாலேயே ஆரம்பிச்சா நல்லது. முதல்ல உடையறது ஐயா பேருதான்."

போதகர் சுத்தியலைப் பார்த்தார். பளபளக்கும் தம் பெயரைப் பார்த்தார். படமெடுக்க வந்தவனையும் பார்த்தார். பிறகு கணீரென்று சொன்னார்: "தலைவன்னா தாகத்தைத் தீர்க்கணும். இது கர்த்தர் எனக்குக் காட்டின தரிசனம்!"

கைதட்டல். செயலாளரும் தட்டினார், எல்லாரையும்விட ஓங்கி.

அடுத்த ஞாயிறு பிரசங்கமே அந்தத் தரிசனம்தான்.

"உங்க யோசனையைத் தன்னோடதுன்னு சொல்லிக்கிறாரே, கோவம் வரலையா?" என்று மனைவி கேட்டாள்.

"நல்லாச் சொல்லட்டும்," என்றார் கொத்தனார், நெகேமியா மதிலைக் கட்டி முடிக்கும் ஆறாம் அதிகாரத்தை மறுபடி திருப்பியபடி. "வாயால சொல்லிட்டாருல்ல, இனி அந்தக் குழாயைப் பூட்டச் சொல்ல முடியாது."