ஒரே திரையில் இரண்டு மலர்கள்

எங்கள் அச்சுக் கடைக்குப் புதிய மொனிற்றர் வந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் அதைப் பொதிந்திருந்த வெள்ளை ரெஜிபோம் அட்டையின் மணம் குப்பென்று வந்தது. மேசையில் பாதியைப் பிடிக்கிற அகலம். இதில் நான் முதலில் செய்யப்போகிற வேலை என்ன தெரியுமா? என் மனைவி மெற்றில்டாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர், பூசை முடிந்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். "யாழ்ப்பாணத்தில குடுத்துச் செய்விப்பம், உங்களால ஏலாது" என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் மலர் செய்து கொடுத்தவளுக்கு வேறு யாரோ செய்வதா? ஒரு பிழையும் இல்லாமல் நானே முடிக்க வேண்டும்.

வேர்ட்டைத் திறந்ததும் கை தானாகவே கன்ட்ரோலையும் எஃப் ஒன்றையும் அமத்தியது. மேலே இருந்த பட்டன் வரிசை சுருண்டு மறைந்தது. இவ்வளவு அகலத் திரையில் அப்படி இடம் மிச்சம் பிடிக்கத் தேவையே இல்லை. பழக்கம், என்ன செய்ய.

அது பழைய மொனிற்றர் தந்த பழக்கம். சண்டை முடிந்த காலம். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இதே கடை. அப்போது முதலாளி வேறு, நானும் மெற்றில்டாவும் சம்பளத்துக்கு. முதுகு புடைத்த பெட்டி அது. சூடேறினால் தூசி கருகி மணக்கும். அதோடு மெற்றில்டாவின் பையிலிருந்து பேசாலைக் கருவாட்டு மணமும் சேரும். மழைக்கு ஒதுங்கும் கழுதைகள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். "உதுகளும் மலர் அடிக்க வந்திருக்குதுகள்" என்பாள்.

அந்தத் திரையில் பாதியைப் பட்டன்களும் அளவுகோலும் தின்றுவிடும். மிச்சத்தில் சில வரிகள்தான் தெரியும். எங்கள் வேலைமுறையோ வெகு சுகமானது: பழைய மலர் ஒன்றைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றுவது. செத்தவர் மாறுவார், 'ஆறாத்துயருடன்' அப்படியே இருக்கும்.

அப்படித்தான் ஒருமுறை வசமாக மாட்டினோம். விடத்தல்தீவில் வள்ளங்கள் வைத்திருந்த பெரியவர் ஒருவரின் மலரில், அதற்கு முதல் செய்த நறுவிலிக்குளத்தில் வயல் விதைத்த கமக்காரரின் பேரப்பிள்ளைகள் அழிபடாமல் நின்றுவிட்டார்கள். திரைக்குக் கீழே கிடந்ததால் கண்ணில் படவில்லை. பூசை முடிந்து கோவில் வாசலில் மலரைப் பங்கிட்ட பிறகுதான் ஆட்கள் கவனித்திருக்கிறார்கள். பெரியவரின் மனைவி மலரும் கையுமாகக் கடைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இந்த மனிசன் கடலுக்குப் போறனெண்டு சொல்லிப்போட்டு நறுவிலிக்குளத்துக்கோ போனவர்?"

மெற்றில்டாதான் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோம்மா. அந்தாளில ஒரு பிழையும் இல்லை, எல்லாம் எங்கட பிழை" என்றாள். அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டார். முழுவதையும் திரும்பச் செய்து கொடுத்தோம்.

அவர் போனதும் மெற்றில்டா மொனிற்றரை முறைத்தாள். "உந்தப் பட்டனுகளை ஆர் பாக்கிறது? மடிச்சு வையுங்கோ." மடித்தோம். அளவுகோலையும் எடுத்தோம். பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே வீணாய்க் கிடக்கும் வெள்ளையை மவுஸால் இரண்டு தட்டுத் தட்டினால் அதுவும் மறையும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். பிறகு திரையை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கம் பழைய மலர், வலப்பக்கம் புதியது. ஒன்றை உருட்ட மற்றதும் கூடவே உருளும். எழுத்து எறும்பாய்ச் சிறுத்துப் போனதால் இரண்டு கதிரையையும் ஒட்டிப் போட்டுத் தலை முட்டப் பார்க்க வேண்டியிருந்தது. நான் ஒரு வரி அடிப்பேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்து "போங்கோ" என்பாள். அவள் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது.

கலியாணம் கேட்டதும் அந்தக் கதிரையில்தான். வீரன் நான், முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக் கேட்டேன். அவளும் திரையைப் பார்த்தபடியே, "ஓம். அடுத்த வரிக்குப் போங்கோ" என்றாள்.

பிறகு கடை எங்களுடையதாயிற்று. மொனிற்றர்கள் மாறின, கதிரைகள் விலகவில்லை. அவளுக்கு நோய் வந்து, மருந்துக்காகக் கொழும்புக்கும் மன்னாருக்குமாய் அலைந்த நாட்களிலும் வந்து பக்கத்தில் இருந்தாள். குரல் அடைத்துப்போன பிறகு, "போங்கோ" என்பதற்குப் பதிலாக மேசையில் விரலால் தட்டுவாள்.

இப்போது இடப்பக்கம் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த மலர். வலப்பக்கம் அவளுடையது. முழுப்பக்கமும் பெரிய எழுத்தில் தெரிகிறது. யாரும் யாரோடும் ஒட்டியிருந்து பார்க்கத் தேவையில்லை. பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். 'அன்புக் கணவர்' என்ற இடத்தில் யாரோ ஒருவரின் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன்.

பிழை இல்லை. எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். கடை பூட்டும் நேரமும் ஆகிவிட்டது. இன்னும் அந்த வரியிலேயே இருக்கிறேன். பக்கத்துக் கதிரை சும்மா கிடக்கிறது. போங்கோ என்று சொல்ல ஆளில்லை.