திருப்பிக் கொடுக்காத போர்வை

மாரி தொடங்குமுன் வருஷத்துக்கு ஒரு தடவை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் போர்வையை எடுத்து வெயிலில் கவிழ்த்துப் போடுவேன். துண்டுத் துணிகளைப் பொருத்திக் கையால் தைத்த போர்வை அது. சிவப்புச் சீலைக்கரை, யாரோ உடுத்த நீலச் சாரத்தின் துண்டு, பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளை, கிண்ணியாத் துணிக்கடை முதலாளி அனுப்பிய மாதிரித் துண்டுகள், நடுவில் ஒரு மஞ்சள் சதுரம். பதினெட்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறது. ஒரு நாள்கூட நான் அதைப் போர்த்துப் படுத்ததில்லை.

அதைத் தைத்தவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் மிஸ்ஸி. பின்னேரம் மூன்று மணிக்கு தேவாலய மண்டபத்தில் நாலைந்து பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு தைக்கத் தொடங்குவார். யாராவது வாய் மூடி இருந்தால், "என்ன, ஊசி குத்திப்போட்டுதோ? கதையுங்கோவன்" என்று சீண்டுவார். வருஷத்துக்கு ஒரு போர்வை. அறுவடைத் திருநாளில் அதை ஏலம் விட்டு, வருகிற பணத்தை யாராவது ஒருவரின் தேவைக்குக் கொடுப்பார்கள். அந்த வருஷம் அது இலங்கைத்துறையில் ஒரு மீனவர் வீட்டுப் பெண் பிள்ளைக்கு. பதினொரு வயது, ஒரு கால் இல்லை. செயற்கைக் கால் பொருத்தினால் தை மாதம் பட்டினத்துப் பள்ளிக்கூட விடுதியில் சேர்ந்து படிக்கலாம் என்று எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

நான் அப்போதுதான் வவுனியாவிலிருந்து மாற்றலாகித் துறைமுகக் கந்தோருக்கு வந்திருந்தேன். சைவக்காரன், தேவாலயப் பக்கம் போனதில்லை. கூட வேலை செய்தவர் கூப்பிட்டதால் அந்தத் திருநாளுக்குப் போனேன். பூசணிக்காய், நெல் மூட்டை, சேவல் எல்லாம் ஏலம் போன பிறகு கடைசியில் போர்வையை விரித்துப் பிடித்தார்கள். புது ஊரில் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்க்கட்டுமே என்று ஒரு நினைப்பு. யாரோ கேட்ட விலைக்கு மேலே ஒரேயடியாக ஏற்றிக் கேட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். எல்லோரும் கை தட்டினார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். கைதட்டல் சட்டென்று நின்றுபோனது. பொறாமைப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என்ன மடையன் நான்!

திங்கட்கிழமை கந்தோர்க் காவலாளிதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "சேர், குறை நினைக்காதேங்கோ. அதை வாங்கினவர் திருப்பி ஏலத்துக்கே குடுக்கிறது வழமை. பிறகு இன்னொருத்தர் வாங்குவார், அவரும் குடுப்பார். அப்பிடியே மண்டபம் முழுக்கச் சுத்தி வரும். அப்பதான் காசு சேரும்." போர்வை என் ஒருவனோடு நின்றுவிட்டது. மற்றவர்கள் கொடுக்க வந்த பணம் அவரவர் பையிலேயே திரும்பிப் போயிருக்கிறது; பிள்ளையின் காலுக்குச் சேர்ந்தது போதவில்லை.

அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்துக்கொண்டு மிஸ்ஸி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோபம் வந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே, காசு கொடுத்துத்தானே வாங்கினேன், களவெடுத்தேனா என்று காவலாளி மேல் பாய்ந்தேன். பாவம், அந்த மனுஷன் வாசல் பக்கம் போய்விட்டார். ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது. நாள் போகப்போகக் கொண்டுபோய்க் கொடுக்க வெட்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு பின்னேரம் மிஸ்ஸியே வந்தார். போர்வையைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் பதிலை வாய்க்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தேத்தண்ணி குடித்தார். "போர்வையை ஒருக்கா எடுங்கோ தம்பி, ஓரத்தில ஒரு தையல் இளகியிருந்தது" என்றார். கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதிரையில் இருந்தபடியே தைத்து முடித்தார். "வெயிலில போடேக்க கவிழ்த்துப் போடுங்கோ, நிறம் வெளுறாது." அவ்வளவுதான். படலை வரை போய்த் திரும்பி ஒருமுறை சிரித்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த வருஷம் அவர் இன்னொரு போர்வை தைத்தார். அது மண்டபம் முழுக்கச் சுற்றியது, பிள்ளைக்குக் காலும் வந்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் விடுதி இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. தமையனின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டவள் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. இதையெல்லாம் நான் தூரத்தில் நின்று விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மிஸ்ஸி போன வருஷம் காலமானார். இந்த வருஷ அறுவடைத் திருநாளுக்குப் போர்வையைக் கொண்டுபோனேன். இப்போது தையல் குழுவை நடத்துவது அந்த இலங்கைத்துறைப் பிள்ளைதான். முப்பது வயதாகப்போகிறது. செயற்கைக் கால் மாற்றி மாற்றிப் பழகிவிட்டது; நடையில் சின்ன இழுவை மட்டும். கூட்டம் சேருமுன் அவளிடம் போய்ப் பையை நீட்டினேன். இதை ஏலத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவள் பையைத் திறந்து பார்த்தாள். மஞ்சள் சதுரத்தைத் தடவினாள். பிறகு பையை மூடி என் கையிலேயே வைத்தாள்.

"வேண்டாம் அண்ணை. இது உங்கட. மிஸ்ஸி அப்பவே எல்லாருக்கும் சொல்லி வச்சவ. அந்தத் தம்பிக்கு அதில சரியான விருப்பம், அதாலதான் விட மனமில்லாமக் கொண்டுபோனவர், ஒருத்தரும் கேக்கக் கூடாது எண்டு. தான் தைக்கிறதில ஒண்டையாவது ஒருத்தர் அப்பிடி விரும்பி வச்சிருக்கிறாரே எண்டு அவவுக்குப் பெரிய சந்தோஷம்."

விருப்பமுமில்லை, ஒரு மண்ணுமில்லை பிள்ளை, வெறும் வீம்பு, அதில் உன் படிப்புப் போனது என்று சொல்லத்தான் வந்தேன். சொன்னால் மிஸ்ஸியின் அந்தச் சந்தோஷத்தையும் நான்தான் பறித்தவனாவேன் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தைரியம் வரவில்லை, அதுதான் சங்கதி.

"மாரிக்கு நல்ல சூடா இருக்குமெல்லோ அண்ணை?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். நாளைக்கு வெயில் எறித்தால் எடுத்துக் கவிழ்த்துப் போட வேண்டும்.