ஆளில்லாத ஊரின் அட்டைகள்

மின்சாரம் இல்லாத இடத்தில் இரத்தத்தைச் சேர்த்து வைக்க முடியாது. ஆட்களைத்தான் சேர்த்து வைக்கலாம். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, சண்டையில் மின்சாரம் நின்றுபோன யாழ்ப்பாணத்தில் எங்கள் சிறிய சங்கம் செய்ததும் அதுதான். நகரில் ஒரு அறை, ஒரு நீள மேசை, மேசை நிறைய மரப்பெட்டிகள், பெட்டி நிறைய அட்டைகள். ஒரு அட்டை என்றால் இரத்தம் கொடுக்கச் சம்மதித்த ஒரு ஆள்: பெயர், ஊர், இரத்த வகை. அவசரம் வந்தால் அட்டையைத் தேடி எடுத்து, ஆளையும் தேடிப் பிடித்து, நோயாளியின் கட்டிலடிக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அந்தப் பெட்டிகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன்.

டெலிபோன் இருந்த காலத்தில் தூரத்து ஆஸ்பத்திரிகள் கேட்ட கையோடு பதில் சொல்லிவிடுவோம். அது செத்த பிறகு கேள்வி சைக்கிளில் வந்தது, பதிலும் சைக்கிளில் போனது. கேள்வி ஒரு வரி, பதில் இரண்டு வரி; அதற்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். ஒருமுறை பதில் போய்ச் சேர்ந்தபோது கட்டில் வெறுமையாகக் கிடந்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உதென்ன விசர் வேலை? கேள்வி ஏன் இவ்வளவு தூரம் வரவேணும்? பதிலை முதலே அங்கை கொண்டுபோய் வைப்பம்," என்று அறையில் நின்று சத்தம் போட்டேன்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் கொப்பியில், அதாவது நோட்டுப் புத்தகத்தில், பிரதி எடுத்தேன், ஆஸ்பத்திரிக்கு ஒரு கொப்பி. எல்லாவற்றையும் அல்ல, கிடைப்பதற்கு அரிய வகைகளை மட்டும், அந்தந்த ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மட்டும். சனிக்கிழமைதோறும் ஒரு கடதாசித் துண்டு போகும்: இன்னார் புதிதாக வந்தார், இன்னார் செத்துப்போனார். மிஸ்ஸி, அதாவது தாதி, அதைப் பார்த்துக் கொப்பியைத் திருத்திக்கொள்வார். ஒரு பகல் எடுத்த காரியம் பக்கம் புரட்டுகிற நேரத்தில் முடிந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியதை ஏன் மறைக்க வேண்டும், ஏறியதுதான்.

தாளுக்கு அப்போது பஞ்சம். கொப்பி வாங்குவதற்கே ஆள் பிடிக்கவேண்டும். ஆகவே சில ஊர்களை விட்டுவிட்டேன். மயிலிட்டிப் பக்கம் சனம் முழுவதும் சண்டைக்குப் பயந்து எழும்பி வந்துவிட்டது, அங்கே ஒரு குருவியும் இல்லை.

என்னோடு வேலை செய்த அக்கா ஒருத்தி இருந்தா. ஆறுதலான, அவசரமில்லாத மனுசி, எதையும் இரண்டுதரம் கேட்பா. "தம்பி, மயிலிட்டி அட்டையளை ஒருக்காத் திருப்பிப் பாரும். இப்ப இருக்கிற இடத்தைப் பின்பக்கத்திலை பென்சிலாலை எழுதி வைச்சிருக்கிறன்," என்றா.

இடம்பெயர்ந்த சனத்திடம் ஊர் எது என்று கேட்டால் விட்டு வந்த ஊரைத்தான் சொல்லும். இன்னொருவர் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் இருந்தாலும் அந்த வளவு ஊராகாது. நான் அதைக் கேட்டு எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அக்கா அவர்களை மறித்து, "இப்ப எங்கை இருக்கிறியள்?" என்று கேட்பா.

"ஆளில்லாத ஊருக்கு ஏன் அக்கா தாள்?" என்று சொல்லி அந்த அட்டைக்கட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைச் சும்மா சொல்லவில்லை.

என் தங்கச்சி தொண்டைமானாற்றில் ஒரு வாத்தியாரைக் கட்டியிருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில். அவளுக்கு ஓ நெகட்டிவ், எனக்கு அது இல்லை. ஆனாலும் நான் பயப்படவில்லை. அவள் போகிற ஆஸ்பத்திரியில் என் கொப்பி இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அந்த வாத்தியார் மச்சான் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் அப்படியே கீழே விட்டார். சேட்டு முழுக்க வியர்வை.

"பிள்ளை பிறந்திட்டுது. இவளுக்கு இரத்தம் நிக்குதில்லை. உங்கடை கொப்பியிலை பொருத்தமா ஒருத்தரும் இல்லையாம். வகை பாக்கிற மருந்தும் அங்கை முடிஞ்சுதாம். கொப்பியிலை இல்லாத ஆளின்ரையை ஏத்தமாட்டம் எண்டு நிக்கினம்."

பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். அக்கா மயிலிட்டிக் கட்டை அவிழ்த்தா. நான்காவதோ ஐந்தாவதோ அட்டை, ஓ நெகட்டிவ், ஒரு பெண். பின்பக்கம் பென்சில் எழுத்து: 'இப்ப தொண்டைமானாறு, வாத்தியார் வளவு.'

மச்சான் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மச்சான், உது எங்கடை வளவு. எங்கடை கொட்டிலிலை இருக்கிற அக்கா. அவதான் இப்ப உங்கடை தங்கச்சிக்குப் பக்கத்திலை இருக்கிறா."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. இந்தப் பழமொழியை அதுவரை எத்தனை பேருக்கு நான் பகிடியாகச் சொல்லியிருப்பேன். என் தங்கச்சிக்கு வேண்டிய இரத்தம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எழுத்தில் கண்ட மூன்று பேரும் இருபது மைலுக்கு இப்பால் ஒரு அறைக்குள் நின்றோம். கூப்பிட்டுச் சொல்ல ஒரு வயர் இல்லை.

அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். மச்சானால் முடியவில்லை, பின்தங்கிவிட்டார். எதிர்க்காற்று. புத்தூரில் செயின் கழன்றது, பூட்டிக்கொண்டிருக்கும்போது அழுதேன். வழியில் ஒருவர் "என்ன தம்பி, ஏதும் உதவி வேணுமோ?" என்று கேட்டதற்கு அவரைத் திட்டிவிட்டேன். முருகா, பிந்த விடாதை, பிந்த விடாதை என்று ஒவ்வொரு மிதிக்கும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அந்த மயிலிட்டி அக்கா மர வாங்கில் இருந்தா. மடியில் துணி சுற்றிய குழந்தை. என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"பிள்ளை சுகம், தம்பி," என்றா. எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய்த் தங்கச்சியின் காலைப் பிடித்துப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. போர்வையால் மூடிவிட்டு வெளியே வந்து, ஏனென்று தெரியாமல் அட்டையை அந்த அக்காவிடம் நீட்டினேன்.

"ஓம், இது நான்தான்," என்றா. "வாத்தியார் வெளிக்கிட்ட பிறகு, 'என்ரையை எடுங்கோ, நானும் டவுனிலை பதிஞ்சனான்' எண்டு மிஸ்ஸியிட்டை எத்தினைதரம் சொன்னன். பாவம், அவ கொப்பியை மூண்டுதரம் புரட்டிப் பாத்தவ. என்ரை பேர் ஏன் தம்பி அதிலை இல்லை?"

"எல்லாரையும் எழுதத் தாள் காணாது அக்கா," என்றேன்.

அவ தலையை ஆட்டினா. அதை நம்பினா என்றுதான் நினைக்கிறேன்.

கொப்பி மிஸ்ஸியின் மேசையில் திறந்தபடி கிடந்தது. எடுத்து மூடப் போனேன். என் கையெழுத்து முடிந்த இடத்துக்குப் பிறகு ஏழு பக்கம் எழுதாமல் இருந்தது.