நடப்பவனைப் பார்த்து ஓடு என்றோம்

இந்த ஊரில் யாரும் யாரையும் சீக்கிரப்படுத்துவதில்லை. பின்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. காலையில் நான் வேலைக்குப் போகும் பேருந்தில் ஒரு முதியவர் ஏறுவார். ஒரு அடி வைப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார், அடுத்த அடி வைப்பார். ஓட்டுநர் பேசாமல் காத்திருப்பார். உள்ளே இருபது பேர் இருந்தாலும் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் அவர் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். கண்டக்டர் "ஜல்தி வா பெரியவரே, ஜல்தி" என்று உயிரை வாங்கியிருப்பார். எங்கள் பக்கம் அது மரியாதைக் குறைவு இல்லை. பிரியம் இருந்தால் கத்துவோம், அவ்வளவுதான்.

அப்படிக் கத்தித்தான் என் தம்பி தாவீதின் பிழைப்பில் மண்ணைப் போட்டேனோ என்று பல வருடமாக நெஞ்சு அரித்துக்கொண்டிருக்கிறது. உறுதியாகத் தெரியாது. அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

தாவீது நடைப்பந்தய வீரன். அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே எங்கள் சேவூருக்கு அவனால்தான் தெரிந்தது. ஓடக் கூடாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னே வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. இந்த விதிகளோடு வேகமாக நடந்தால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி ஆடும். அவன் சாலையில் பயிற்சி செய்யும்போது டூவீலரில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாடா, இடுப்ப ஆட்டிகினு எங்க போற? வயிறு கலக்குதா?" என்பார்கள். தறியில் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பாவே ஒரு நாள், "ஓடறதுன்னா ஓடு, நடக்கறதுன்னா நட. இது இன்னாடா ரெண்டுங்கெட்டான் வேலை?" என்றார். நானும் சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். "சிரிங்க, நல்லா சிரிங்க. ஒரே ஒரு கிலோமீட்டர் இப்படி நடந்து பாருங்க, அப்போ தெரியும்" என்பான் தம்பி.

மாநிலப் போட்டி திருவண்ணாமலையில் நடந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனு போடலாம் என்று கோச் சொல்லியிருந்தார். அப்பா, அம்மா, நான், தெருக்காரர்கள் என்று ஒரு வேன் நிறையப் போனோம். அங்கே கூட்டம் நூறு மீட்டர் ஓட்டத்துக்காகக் காத்திருந்தது. நடக்கிறவர்கள் வந்ததும் விசில். "டேய், பாத்ரூம் அந்தப் பக்கம்!" என்று ஒருவன் கூவ, மைதானமே சிரித்தது. முன்பு சிரித்த அதே நான், "இன்னாய்யா இளிப்பு வேண்டிக் கிடக்குது?" என்று அவனோடு சண்டைக்குப் போனேன்.

கடைசிச் சுற்று. தாவீது மூன்றாவது. முகம் கோணி, உதடு வெளுத்து வருகிறான். பின்னால் ஒருவன் நெருங்கிவிட்டான். எங்கள் பக்கம் பொங்கல் சமயத்தில் தெருவில் மாடு விடுவார்கள். இரண்டு பக்கமும் நின்று தொண்டை கிழியக் கத்துவோம். பந்தயம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வேனில் வந்தவர்களுக்கு விதி தெரியாது. எனக்குத் தெரியும், அவனே சொல்லியிருக்கிறான். தெரிந்தும், ஐயோ, முதலில் எழுந்தவள் நான்தான். "ஓடுறா தாவீது! ஓடுறா!" என்றேன். உடனே சேவூரே என்னோடு சேர்ந்து கத்தியது. "ஓடு! ஓடு!"

அவன் தலை ஒரு கணம் எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு ஓடினான். கோடு வரைக்கும் மாடு மாதிரி ஓடினான். பந்தயத்திலிருந்து நீக்கம் என்று நடுவர் சிவப்பு மட்டையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அன்றைக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். "பேஜாராயிடுச்சுக்கா, கால் சொன்ன பேச்சு கேக்கல" என்றான் வேனில். ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டான். இப்போது களம்பூரில் அரிசி ஆலையில் மெஷின் பார்த்துக்கொள்கிறான். நான் நர்ஸ் வேலைக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை இந்த ஊர்த் தெருவிலேயே நடைப்பந்தயம் நடந்தது. என்னோடு வேலை செய்யும் ரீத்தாவுடன் கடைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இங்கும் சிரித்தார்கள். ஒரு குழந்தை இடுப்பை ஆட்டிக் காட்டியது, அதன் அப்பா சிரிப்பை அடக்கக் குனிந்து தன் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் கடைசியாக வருகிறவனுக்கும் மெதுவாகக் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "உனக்குத் தெரிந்தவரா?" என்று ரீத்தா கேட்டாள். "தம்பி" என்று மட்டும் சொன்னேன். எதிரே வந்த செம்பட்டை முடிக்காரனை அவள் குழப்பத்தோடு பார்த்தாள். பிறகு, பாவம், என் தம்பிக்கென்றே அவனுக்குப் பலமாகக் கை தட்டினாள்.

தாவீதுக்கு வீடியோ கால் போட்டு, போனைத் தெருப் பக்கம் திருப்பினேன். பின்னால் ஆலை இரைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் இந்த விளையாட்டைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினான். "அந்த செகப்பு பனியன்காரன பாருக்கா, தோளு இறுகிப் போச்சு. முட்டி லேசா மடங்குது. இன்னும் ஒரு சுத்துதான், தாக்குப் புடிச்சிடுவான்" என்றான். அவன் முகம் திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது. சிவப்புப் பனியன்காரன் தள்ளாடினான். பின்னால் ஒருவன் நெருங்கினான். என்னை அறியாமல் எனக்கு மூச்சு மேலே ஏறியது. அது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, நீ கத்திடாதக்கா" என்று பதறினான் தாவீது. "அவனும் ஓடிடுவான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. "அது இல்லக்கா..." என்று எதையோ ஆரம்பித்தான். ஆலைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரீத்தா என் தோளைத் தட்டி, உன் தம்பி வருகிறான், பார் என்று மறுபடி சுற்றி வந்த செம்பட்டை முடிக்காரனைக் காட்டினாள். ஒரு கையில் தாவீதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் வாயை இறுகப் பொத்தியபடி நின்றேன்.