சத்தமில்லாமல் பார்த்த பேச்சு

காலை பதினொன்று பத்து. கூட்ட அறையின் திரையில் முதலில் தெரிந்தது என் வலது கை. ஓர் ஆட்டுத்தோலைத் தூக்கிப் பிடித்திருந்தது.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அலுவலகக் கடிதம் எழுதவும் தோல் வாங்க வரும் பையர்கள் முன்னால் பேசவும் வேலூரிலிருந்து ஓர் இளம்பெண் சொல்லிக்கொடுத்தார். முந்தின நாள் ஒவ்வொருவரையும் பேசவைத்துப் படம் பிடித்திருந்தார். பயிற்சி முடிந்த மறுநாள் வெளிநாட்டிலிருந்து புதிய பையர்கள் வருவதாக இருந்தது. அவர்களிடம் பேச வேண்டியவன் நான். பத்திரிகையில் இருந்தவன் என்பதால் கிடைத்த பொறுப்பு. அந்தத் தெம்பில் மற்றவர்கள் எழுதிய மின்னஞ்சல்களையும், யாரும் கேட்காமலே, திருத்திக்கொண்டிருந்தேன்.

என் பேச்சு ஓடி முடிந்தது. கைதட்டினார்கள்.

"நல்லா இருந்துச்சு சார். இப்ப சவுண்டை ஆஃப் பண்ணிட்டு ஒருவாட்டி பாக்கலாம். கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க" என்றார் பயிற்சியாளர்.

திரையில் என் வாய் திறந்து திறந்து மூடியது. தோலின் ஓரமாக, விலையைக் குறைக்கும் உண்ணி கடித்த தழும்பு ஒன்று. நான் எப்படித் திருப்பினாலும் கட்டை விரல் நகர்ந்து போய் அதன்மேல் உட்கார்ந்தது. கை மாற்றும்போது ஒரு கணம் தழும்பு தெரிந்தது. உடனே இடது கட்டை விரல் அந்த இடத்தை வாங்கிக்கொண்டது. தழும்பு இருப்பது எனக்குத் தெரியும். மறைக்கிறேன் என்பது தெரியாது.

"இன்னா சார், வெரல்ல பிசின் தடவிக்கினீங்களா?" என்றார் கட்டிங் சூப்பர்வைசர். அறை சிரித்தது.

"விடுபா, எல்லாரும் புடிக்கிறதுதான். சார் கொஞ்சம் அழகா புடிக்கிறாரு" என்றார் மேலாளர்.

அந்த ஆதரவுதான் அதிகமாகச் சுட்டது. மேடையில் பேசுகிறவர்களின் கைகளைக் கவனித்து எழுதுகிறவன் என்று பத்திரிகையில் எனக்குப் பெயர் இருந்தது.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சிக்கிட்டுப் பேசுங்க சார். சரியாயிடும்."

மறுநாள் பையர்கள் முன்னால் அதே தோலை அப்படியே பிடித்தேன். தொடக்கத்தில் ஓரிரு வாக்கியங்கள் வந்தன. பிறகு வரவில்லை. தழும்பு எல்லோர் கண்ணுக்கும் நேராக இருந்தது. பையராக வந்திருந்த அம்மையார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என் சரளம் மொழியறிவால் வந்தது என்று நினைத்திருந்தேன். அது விரல் கொடுத்த தைரியம் என்பது, தோலை நீட்டியபடி நின்றபோது விளங்கியது. யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். வாங்கிக் குடிக்கக் கை ஒழியவில்லை.

மீதியை மேலாளர் எழுந்து பேசி முடித்தார். தழும்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆர்டர் வந்தது.

அடுத்த மாதம் வந்த பையர்களிடமும் மேலாளரே பேசினார்.