ரயில் வரும்வரை ஒரு கடை

ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி ஸ்டேஷனில் இறங்கி, வயல்களுக்கு நடுவே போட்டிருந்த மண்கரைமேல் மேற்கே இரண்டு மைல் நடந்துபோய்த்தான் சுல்தான் பீவியை முதன்முதலில் பார்த்தேன். 1927, கார்த்திகை மாதம். அவருடைய சோற்றுக்கடையைப் பிரிக்கச் சொல்லும் நோட்டீஸ் என் கையில் இருந்தது. பி.ஏ. முடித்து, ரங்கூனில் ரயில் ஆபீஸ் குமாஸ்தாவாகி நாலு மாதந்தான் ஆகியிருந்தது.

அந்தக் கரை, ஆற்றங்கரைவரை போகவேண்டிய கிளை ரயில் பாதைக்காகப் போட்டது. மூன்று வருஷம் மண் கொட்டினார்கள். பிறகு வேலை நின்றது. கூலியாட்கள் கலைந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட சுல்தான் பீவி மட்டும் போகவில்லை. வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. கரைவேலையில் மேஸ்திரியாக இருந்து காய்ச்சலில் இறந்த கணவர் பர்கத்துல்லாவை அடக்கியது அங்கேதான்.

கடை வாசல் கரையைப் பார்த்திருந்தது. வண்டிப்பாதையோ பின்புறம். சாப்பிட வருகிறவர்கள் சேற்றில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

"வாசலைத் திருப்பி வைக்கக்கூடாதா, ராத்தா?"

"ரயில்ல இறங்குறவன் என் கடை முதுகையா பாக்கணும்?"

பிளாட்பாரம் இங்கே வரும் என்று சர்வே துரை அடித்த முளை வாசலில் நின்றது. அதில் ஆட்டைக் கட்டக்கூட அவர் விடுவதில்லை.

நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு தகரப் பெட்டியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்தார்.

"பீயே படிச்சவன்னு சொன்னியே, இதையும் படி தம்பி."

கடைக்குக் கொடுத்த பழைய அனுமதி. 'இப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கும் நாள்வரை செல்லும்' என்றிருந்தது.

"ரயிலு ஓடிருச்சா?"

"இல்லை."

"இனி ஓடாதுன்னு ஒங்க நோட்டீசு சொல்லுதா?"

நோட்டீஸை மறுபடி பார்த்தேன். 'வேலை ஒத்திவைக்கப்பட்டிருப்பதால்' என்றுதான் இருந்தது.

"அப்ப எதுக்குப் பிரிக்கணும், பீயே தம்பி?"

காலேஜில் நான் எடுத்த பாடம் தர்க்கம். அதன்படி அவர் பக்கம்தான் சரி. அங்கேயே உட்கார்ந்து, அவர் சொன்னதையே இங்கிலீஷில் மனுவாக எழுதினேன். எங்கள் ஊரில் முதன்முதல் பட்டம் வாங்கியவன் எழுதிய முதல் மனு அது. பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, "எழுத்து அழகாத்தான் இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றார்.

ஆபீசில் தலைமை குமாஸ்தா கத்தினார். "நோட்டீஸ் கொடுக்கப் போனீரா, அந்தம்மாவுக்கு வக்கீலாகப் போனீரா?"

ஆனால் அனுமதியை ரத்துசெய்ய வேண்டுமானால், பாதையைக் கைவிட்டோம் என்று யாராவது கையெழுத்துப் போடவேண்டும். அத்தனை மண் கொட்டிய பிறகு அதற்கு ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மனு மேஜை மேஜையாகப் போய், கடைசியில் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

இது 1929. தண்டவாளம் இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் வயலெல்லாம் வெள்ளம். வண்டிகள் கரைமேல்தான் ஏறிப்போகின்றன. சுல்தான் பீவி அதே இடத்தில், அதே வாசலோடு கடை வைத்திருக்கிறார்.