எதிர்க்கட்சிக்கும் சேர்த்துப் பேசியவன்

சட்டப் பாடம் நடத்துகிறவனுக்கு ஒரு கேள்விக்கு இரண்டு பதில் தெரிந்திருந்தால் மரியாதை. அரசியல்வாதிக்கு அது தெரிந்திருப்பது வெளியே தெரிந்தால் ஆபத்து. இது புரியாமல்தான் ஐம்பது வயதுக்கு மேல் கல்லூரி வேலையை விட்டுவிட்டுக் கட்சியில் சேர்ந்தேன். உங்களிலும் சிலர் இருப்பீர்கள்: நன்றாகத் தெரிந்த வேலையை விட்டு, சுத்தமாகத் தெரியாத வேலைக்குப் போய், அங்கேயும் பழைய வேலையையே செய்துகொண்டு முழிப்பவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

என் மனைவி தமிழ்ச்செல்வி நெய்வேலி நகரியத்தில் ஆசிரியை. குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். நான் வெளியூர்ச் சட்டக் கல்லூரியில் சொத்துச் சட்டம் நடத்திவிட்டு தினமும் பஸ்ஸில் வீடு திரும்பியவன். ஏன் அரசியலுக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், சட்டத்தைப் புத்தகத்துக்கு வெளியே பார்க்க ஆசைப்பட்டேன் என்று சொல்வேன். கழுத்தில் மாலை விழுவதும் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின.

கைதட்டும் இடம்

என்னைக் கட்சியில் சேர்த்துவிட்டவர் ஒன்றியச் செயலாளர் தனகோட்டி. ஜல்லி, மணல், பிளாட் என்று மூன்று வியாபாரம். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பது அவர் கார்தான். எனக்குச் சால்வை போட்டு, கரை வேட்டி கட்டிவிட்டு, கட்சி அலுவலகத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். வேட்டி இடுப்பில் நிற்குமா என்ற கவலையிலேயே நான் முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். முடிவில், வழக்கம்போல, யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன்.

யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார், ஆவலோடு பார்த்தேன். டீக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். வெளியே வந்ததும் தனகோட்டி என் தோளில் கை போட்டுக்கொண்டு, புண்படுத்தாத குரலில் சொன்னார்:

"சார், இங்க யாரும் சந்தேகம் கேக்க வர்றதில்ல, கைதட்டத்தான் வர்றாங்க. நீங்க மூச்சே வுடாம பேசிகினு போனா அவங்க எங்க தட்டுவாங்க?"

எனினும்

வகுப்பில் எனக்கு ஒரு பழக்கம். எதிர்த்தரப்பு வாதத்தை முதலில், முழுதாக, அவர்களே சொல்வதைவிட நன்றாகச் சொல்லுவேன். பிறகு 'எனினும்' என்று ஒரு சொல் போட்டு நிறுத்துவேன். மாணவர்கள் பேனாவை எடுப்பார்கள். அதன் பிறகு அந்த வாதத்தைச் செங்கல் செங்கலாகப் பிரிப்பேன். இந்தச் சொல்லுக்காகவே என் வகுப்புக்கு வந்தவர்கள் உண்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாலையோரக் கடைகளை வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்று எங்கள் கட்சி கூட்டம் போட்டது. மாற்ற வேண்டும் என்பது எதிர்க்கட்சியின் நிலை. நான் மைக்கைப் பிடித்து, கடைகளை ஏன் மாற்றத்தான் வேண்டும் என்பதற்கு நெரிசல், சாக்கடை, ஆம்புலன்ஸ் போக வழி என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. அந்த அமைதியை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். 'எனினும்' என்று வாயெடுப்பதற்குள் மேடையில் கலவரமாகி, தனகோட்டி ஜாடை காட்ட, மைக்செட்காரர் கட்சிப் பாட்டைப் போட்டுவிட்டார்.

மறுநாள் எதிர்க்கட்சியின் ஆட்டோ நகரியத்தில் பிளாக் பிளாக்காகச் சுற்றியது. ஒலிபெருக்கியில் என் குரல். டீக்கடையில் அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டலே இல்லை.

"இத்தினி வருஷமா பேசிகினு இருக்கோம் சார். எங்க பக்கம் இவ்ளோ நியாயம் இருக்குதுன்னு நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்."

லாரியை நிறுத்தியவர்

அரசியலில் பாதி வேலை சாவு வீட்டில். நகரியத்தின் எல்லைக்கு வெளியே மாதாகோயில் தெரு என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கும் அந்தோணிசாமியின் சித்தி இறந்துபோனாள். நானும் தனகோட்டியும் மாலையோடு போனோம். தெரு முனையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கல்லறைத் தோட்டம் தெரிந்தது. ஆனால் பெட்டியைத் தூக்கியவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். ஃபாதர் ஜெபப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போனார். தனகோட்டி ரோட்டின் குறுக்கே ஓடிப்போய் நின்று, இரண்டு கையையும் விரித்து லாரிகளை நிறுத்தி ஊர்வலத்துக்கு வழி செய்து கொடுத்தார். எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது.

அடக்கம் முடிந்த பிறகுதான் அந்தோணிசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். தெருவையும் கல்லறையையும் இணைத்த ஒற்றையடிப் பாதையில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. அந்த நிலத்தை வாங்கி பிளாட் போட்டவர், மனை பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பிணம் படக் கூடாது என்று அடைத்துவிட்டார். வாங்கியவர் தனகோட்டி. அந்தோணிசாமியின் அப்பா சவரிமுத்து கீழே விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருந்தார். அவருக்கு ஒரே ஆசை: தன் சம்சாரத்தைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், அந்தப் பாதை வழியாகவே போய்ச் சேர வேண்டும். லாரிக்கு நடுவில் வேண்டாம்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பட்டா ஒன்று, வழிநடை உரிமை வேறொன்று என்று ஆரம்பித்தேன். அந்தோணிசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சட்டமெல்லாம் நீங்க படிச்சது போதும் சார். எங்கப்பாவுக்கு அந்த வழியில போவ உரிமை இருக்குதா இல்லியா, ஒரே வார்த்தைல சொல்லுங்க."

அவசரம் இல்லாதவர்

ஒரே வார்த்தை என்னிடம் இருந்தது. 'இருக்கிறது' என்பதுதான் அது. தலைமுறை தலைமுறையாக, வெளிப்படையாக, யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்த வழியை, நிலம் கைமாறியதால் மட்டும் அடைத்துவிட முடியாது. இதை வருடாவருடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லாமல், பெரியவரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வீட்டுக்குள் போனேன்.

சவரிமுத்து கட்டிலில் கிடந்தார். கண் மட்டும் நல்ல சுறுசுறுப்பு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வாதம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியவருக்கும் ஒரு வாதம் இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போனால் தடையுத்தரவு, மேல்முறையீடு என்று இழுக்கும் என்றெல்லாம் விளக்கினேன். பாதியில் அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நல்லா ரெண்டு பக்கமும் பாத்து பொறுமையா சொல்லுங்க தம்பி. நான் ஒண்ணும் அவசரத்துல இல்ல."

யோசனை

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை என்று முடிவானது. முந்தின நாள் தனகோட்டி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சட்டமன்றத் தொகுதிக்கு என் பெயரைத் தலைமைக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். நகரியத்து ஓட்டு படித்தவனுக்குத்தான் விழும். தான் நின்றால் கிராமத்து ஓட்டோடு நின்றுவிடும். அதனால் நாளைக்கு நான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், எதுவும் பேச வேண்டியதில்லை. மிரட்டவில்லை. மனை வாங்கியவர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று தன் கஷ்டத்தையும் சொன்னார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. யார் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரியாது?

அவர் போனதும் வாசலில் முன்னும் பின்னும் நடந்தேன். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு எம்.எல்.ஏ. ஆனால் நாளைக்குப் பத்து பாதையைத் திறக்கலாமே என்று தோன்றியது. அந்த வாதம் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியதுதான் சங்கடமாக இருந்தது. ஒரு வாதம் இவ்வளவு வசதியாக இருந்தால் அதைச் சந்தேகப்படு என்று மாணவர்களுக்குச் சொன்னவன் நான். ஆனால் சந்தேகப்படுவதே எனக்கு ஒரு வசதிதானோ என்றும் தோன்றியது. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் பெரியவர் போயிருவாரு. அப்புறம் ரெண்டு பக்கமும் சரியாத்தான் இருக்கும்."

தயாராக வராத வக்கீல்

தாலுகா ஆபீசில் ஒரு பக்கம் மாதாகோயில் தெருக்காரர்கள், மறுபக்கம் தனகோட்டியின் ஆட்கள். தனகோட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுத் துண்டால் துடைத்தும் வைத்திருந்தார்கள். அவருடைய வக்கீல் என் பழைய மாணவன் குமரவேல். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். தாசில்தார், பேராசிரியர் ஐயாவே இருக்கும்போது சட்டத்தை அவரே சொல்லட்டும் என்றார். குமரவேல் உடனே சம்மதித்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் எழுந்தேன். நிற்கும்போதே வாய் தானாக 'இந்த விஷயத்தில் இரண்டு' என்று ஆரம்பித்துவிட்டது. அந்தோணிசாமி தரையைப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சட்டைக் காலரில் கரி. மீதி வாக்கியத்தை விழுங்கிவிட்டு, அது அவர்கள் வழி, அடைக்க யாருக்கும் உரிமை கிடையாது, வேலியை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று காரணம் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் வாழ்க்கையிலேயே சுருக்கமான பேச்சு அதுதான்.

தாசில்தார் குமரவேலைப் பார்த்தார். குமரவேல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறான் என்று தெரிந்தது. அது வராது என்று புரிந்ததும் கையிலிருந்த வெறும் ஃபைலை மூடினான். கோர்ட்டில் வேறு தீர்ப்பு வரும்வரை பாதை திறந்திருக்க வேண்டும் என்று தாசில்தார் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அவன் ஏறக்குறைய அழுகிற குரலில் கேட்டான்:

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? வழக்கம்போல எங்க பக்கத்தையும் நீங்களே நல்லா சொல்லிருவீங்கன்னு நம்பி நான் ஒண்ணுமே தயார் பண்ணிக்கிட்டு வரல."

திறப்பு விழா

வேலியை எடுத்ததும் தனகோட்டிதான். அவர் என்னோடு சண்டை போடவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். சில நாட்களில் தெரு முனையில் பெரிய ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'ஏழை மக்களுக்காகத் தன் சொந்த நிலத்தில் பாதை தந்த வள்ளல்' என்று கைகூப்பியபடி அவர். கீழே, தபால்தலை அளவு வட்டங்களில் கட்சிக்காரர்கள் எல்லோரும். நான் இல்லை. தொகுதிச் சீட்டு அவருக்கே கிடைத்தது. மனு தாக்கல் செய்வதற்கு முன் பாதைக்கு ஒரு திறப்பு விழாவும் வைத்துவிட்டார். கல்லறைக்குப் போகும் வழிக்கு ரிப்பன் கட்டியதை நான் அங்குதான் பார்த்தேன்.

போகவா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தமிழ்ச்செல்வி ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டாள். சவரிமுத்துவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் வைத்திருந்தார்கள். ஃபாதர் ஜெபம் சொன்னார். பட்டாசு வெடித்தது. தனகோட்டி ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள், சரியான இடத்தில். அதற்கப்புறம் வெட்டியவர் பாதையில் நடந்து காட்ட வேண்டும். யாரும் நகரவில்லை. சகுனம் பார்க்கிற தேர்தல் நேரத்தில், சவப்பெட்டி எதுவும் முன்னால் போகாதபோது, கல்லறைப் பாதையில் முதல் காலை யார் வைப்பது? கட்சிக்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் மெல்ல ஒதுங்கினார்கள். தனகோட்டி கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, இத்தனை நாளில் முதல் முறையாக வாய் திறந்து, "சாரே முதல்ல நடக்கட்டும், அவருதான மூத்தவரு" என்று மரியாதையாகக் கையைக் காட்டினார்.

நான் காலை எடுத்தேன். நாற்காலியிலிருந்து சவரிமுத்து கையை நீட்டி என் வேட்டியைப் பிடித்து நிறுத்திவிட்டார். தனகோட்டியைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"அவரு எதுக்கு? பாதை குடுத்த புண்ணியவான் நீங்க. நீங்க முன்னாடி போங்க தலைவரே, நாங்கல்லாம் ஒவ்வொருத்தரா பின்னாடியே வந்துகினு இருக்கோம்."

இப்போது எனக்குக் கல்லூரியும் இல்லை, கட்சியும் இல்லை. ஆனால் மாதாகோயில் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் தகவல் எனக்குத்தான் வருகிறது, அரசியலில் ஒரு மனிதன் அடையக்கூடிய உயர்ந்த பதவி ஒருவேளை இதுதானோ என்று இன்னும் இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.